மூச்சை அளந்த மேதை

1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம். நம் கடலூர் பீரங்கி முழக்கத்தால் அதிர்ந்துகொண்டிருந்தது. ஊருக்குள்ளே தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை. ஊரைச் சூழ்ந்து ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை. 13-ஆம் தேதி தரையிலும், 20-ஆம் தேதி கடலிலும் கடும்போர் நடந்தது. இவ்விரு நாட்களுக்கும் இடையே, 18-ஆம் தேதியன்று, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பாரிஸ் நகரின் அறிவியல் கழகத்தில் இருவர் ஓர் ஆய்வுரையைப் படித்துக்கொண்டிருந்தனர். அவ்வுரை பீரங்கியைப் பற்றியதன்று; போரைப் பற்றியதுமன்று. ஒரு சின்னஞ்சிறு கினிப்பன்றி பத்து மணி நேரத்தில் எவ்வளவு பனிக்கட்டியை உருக்கியது என்பதைப் பற்றியது! அவ்விருவருள் ஒருவர் கணித மேதை லாப்லாஸ். மற்றவரே இக்கட்டுரையின் நாயகர் அந்துவான் லவாய்சியர்.

வேதியியல் பாடத்தில் இவரை நாம் அனைவரும் சந்தித்திருக்கிறோம். பொருளை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்னும் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் விளையாட்டு மைதானத்தில் நாம் மூச்சிரைக்க ஓடும்போது எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று கண்டறியும் வழியை முதன்முதலில் திறந்துவிட்டவரும் இவரே என்பது பாடநூலில் இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

லவாய்சியர் 1743-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், வசதிக்குக் குறைவில்லை. ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் வழியில் சட்டம் படித்துப் பட்டமும் பெற்றார். ஆயினும் மனம் சென்றது விஞ்ஞானத்தின் பக்கம். 25 வயது நிறையுமுன்பே, 1768-இல், அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். அரசனுக்காக மக்களிடம் வரி வசூலிக்கும் குத்தகைக் குழுமத்தில் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார். உப்புக்கு வரி, புகையிலைக்கு வரி, நகரின் வாயிலுக்குள் நுழையும் சரக்குக்கு வரி! இந்தக் குழுமத்தின் பெயரைக் கேட்டாலே ஏழை மக்கள் பல்லைக் கடித்தனர். உப்பு வரியின் கொடுமையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்ட அஞ்சலையம்மாள் பிறந்த ஊரல்லவா இது? வரிப்பணத்தில் வந்த இலாபத்தைக் கொண்டுதான் லவாய்சியர் தம் ஆய்வுக்கூடத்துக்கு விலையுயர்ந்த தராசுகளும் கருவிகளும் வாங்கினார். வரலாறு எழுதுவோர் சிலர் இதை மறைத்துவிடுகிறார்கள். மறைப்பது சரியென்று எங்களுக்குத் தோன்றவில்லை.

1771-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குத் திருமணம். மணமகள் மரி ஆன், குழுமத்தின் மற்றொரு பங்குதாரரான போல்ஸ் என்பவரின் மகள். வயது பதின்மூன்று! எங்களைவிட இரண்டு வயது இளையவர். தாயை இழந்து, கன்னியர் மடத்தில் வளர்ந்து கல்வி கற்றவர். ஏறத்தாழ ஐம்பது வயதான ஒரு பிரபு அவரை மணக்க விரும்பி வற்புறுத்தினார். அவரிடமிருந்து மகளைக் காப்பாற்றவே தந்தை லவாய்சியரை நாடினாராம். 28 வயது மாப்பிள்ளையும் அந்தச் சிறுமிக்கு அதிகம்தான். அக்காலத்து வழக்கம் அப்படி என்று பெரியவர்கள் கூறலாம். அந்த வழக்கத்தைப் போற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அப்பெண் அடுப்பங்கரையோடு நின்றுவிடவில்லை. கணவருக்கு ஆங்கிலம் வராது. ஆகவே தாம் ஆங்கிலம் கற்று, அங்கே வெளிவந்த வேதியியல் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தார். புகழ்பெற்ற ஓவியர் டேவிட்டிடம் ஓவியம் பயின்றார். லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட பெருநூலுக்கு, கருவிகளின் படங்களை அளவு பிசகாமல் வரைந்து தந்தவர் மரி ஆன்தான். சோதனை நடக்கும்போது குறிப்பேட்டில் எண்களை எழுதுவதும் அவர் பொறுப்பு.

1775 முதல் லவாய்சியர் அரசின் வெடிமருந்துத் துறையையும் கவனித்து வந்தார். படைக்கலச் சாலையிலேயே வீடு; அங்கேயே ஆய்வுக்கூடம். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை ஏழு முதல் பத்து வரையும் விஞ்ஞானம், இடையில் அலுவல். சனிக்கிழமை முழுவதும் சோதனைகளுக்கே. இந்த ஒழுங்கை நினைத்தால் தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் தேடும் எங்களுக்கு வியப்பாயிருக்கிறது.

எரியும் பொருளிலிருந்து ‘புளோஜிஸ்டன்’ என்னும் ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று அந்நாளில் நம்பினார்கள். எரிதல் என்பது காற்றிலுள்ள ஒரு வாயுவுடன் கூடுவதே என்று தராசைக் கொண்டு காட்டினார் லவாய்சியர். அவ்வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டவரும் அவரே. நம் பெரியவர்கள் அதைப் பிராணவாயு என்று அழைத்தது எத்துணைப் பொருத்தம்! ஏனெனில் அவருடைய அடுத்த கேள்வி பிராணனைப் பற்றியதாகவே இருந்தது. விறகும் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் வெப்பத்தையும் தருகிறது. உயிருள்ள உடலும் அப்படியே செய்கிறது. அப்படியானால் மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தானோ?

இதைச் சோதிக்கத்தான் கினிப்பன்றி வந்தது. 1782-83 குளிர்காலத்தில் அவரும் லாப்லாசும் ஒரு பாத்திரம் செய்வித்தார்கள். நடுவில் விலங்கை வைக்கும் கூடை. அதைச் சுற்றிப் பனிக்கட்டி. வெளிச்சூடு உள்ளே நுழையாதபடி அதற்கும் வெளியே இன்னொரு பனிக்கட்டி உறை. விலங்கின் உடற்சூட்டால் உள்பனி உருகி, நீராகக் கீழே வடியும். அந்த நீரை நிறுத்தால் வெப்பத்தின் அளவு தெரிந்துவிடும். கலோரிமானி என்னும் பெயரை லவாய்சியர் இதற்குப் பின்னர் சூட்டினார். நம் கடலூரில், துறைமுகத்தில் மீனுக்குப் போடும் பனிக்கட்டியே கண்ணெதிரே கரைந்தோடுகிறது. இங்கே இச்சோதனை ஒருநாளும் நடந்திராது!

பத்து மணி நேரத்தில் கினிப்பன்றி 13 அவுன்ஸ் பனிக்கட்டியை உருக்கியது. அதே நேரத்தில் அது விட்ட கரியமில வாயுவின் அளவுக்குக் கரியை எரித்தால் எவ்வளவு உருகும் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ பத்தரை அவுன்ஸ் வந்தது. இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. குளிரில் விலங்கின் உடலும் சற்றுக் குளிர்ந்திருக்கும் என்று அவர்களே காரணம் தேடினார்கள். ஆனாலும் மூச்சு ஒரு மெல்லிய, சுடரில்லாத எரிதல் என்பதற்கு இந்த நெருக்கம் போதுமாயிருந்தது.

அடுத்தது மனிதன். 1789, 1790-ஆம் ஆண்டுகளில், வெளியே புரட்சி வெடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஆர்மன் செகென் என்னும் இளம் உதவியாளர் முகத்தில் மூடி அணிந்து, குழாய் வழியாகப் பிராணவாயுவை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு சும்மா அமர்ந்திருந்தபோது மணிக்குச் சுமார் 24 லிட்டர் பிராணவாயு செலவாயிற்று. குளிர்ந்த அறையில் அது 27 லிட்டர். உணவு உண்டபின் 38 லிட்டர். பின்பு காலால் மிதிக்கும் கட்டையைக் கொண்டு, ஏழு கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையைக் கால் மணி நேரத்தில் மொத்தம் 200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிற வேலையைச் செய்தார். வெறும் வயிற்றிலேயே 63 லிட்டர் என்ற வேகத்துக்கு அது ஏறிவிட்டது. உண்டபின் அதே போன்ற வேலையைச் செய்தால் 91 லிட்டர்! ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் உடலில் ஏறத்தாழ 5 கிலோகலோரி ஆற்றல் வெளிப்படுகிறது என்று இன்று நமக்குத் தெரியும். பெருக்கிப் பார்த்தால், சும்மா இருக்க மணிக்கு 120. வெறும் வயிற்றில் மிதிக்க 300-க்கும் மேல்.

நாடித்துடிப்பும் மூச்சின் எண்ணிக்கையும் வேலைக்கு ஏற்ப ஏறுவதையும் லவாய்சியர் குறித்தார். சொற்பொழிவு ஆற்றுபவர், இசைக்கருவி வாசிப்பவர், நாற்காலியில் அமர்ந்து சிந்திப்பவர் ஆகியோரின் உழைப்பைக்கூட, இத்தனை எடையை இவ்வளவு உயரம் தூக்கியதற்குச் சமம் என்று அளந்துவிடலாம் என எண்ணினார். சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் சிற்பமாகக் கண்டபோது எங்களுக்கு இந்த நினைவுதான் வந்தது. கல்லில் ஆடும் நங்கைக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆனால் அரைமண்டியில் அமர்ந்து அடவு பயிலும் சிறுமிக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும்?

கோ-கோ போட்டிக்காகச் சிதம்பரம் சென்றிருந்த அன்று நாங்களும் ஒரு சிறு சோதனை செய்தோம். ஆட்டத்துக்கு முன்பும், துரத்தி ஓடி வந்து அமர்ந்ததும், ஒருத்தியின் மணிக்கட்டை மற்றொருத்தி பிடித்துக் கால் நிமிடம் நாடியை எண்ணினோம். ஓடாமல் சதுரத்தில் குந்தியிருந்தவளுக்குக்கூடத் துடிப்பு ஏறியிருந்தது! உழைப்பினால் மட்டுமல்ல, பரபரப்பினாலும் நாடி ஏறும் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியை விளக்கினார். நாடியை மட்டும் நம்பி ஆற்றலைக் கணக்கிட்டால் பிசகு வரும் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

சிறுவர் சிறுமியரை அளப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. செகெனைப் போல அசையாமல் மூடி அணிந்து அமர்ந்திருக்கும் குழந்தை எங்கே இருக்கிறது? குழந்தைகள் ஒரே சீராக ஓடுவதுமில்லை. பத்து விநாடி பறக்கிறார்கள், சற்று நிற்கிறார்கள், மறுபடி பறக்கிறார்கள். மேலும் குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதர் அன்று. வளரும் உடல் ஓய்விலேயே கிலோவுக்குக் கிலோ அதிக ஆற்றலைச் செலவிடுகிறது. பெரியவரோடு அதே வேகத்தில் நடந்தால் குட்டைக் கால்கள் அதிக அடிகள் வைக்க வேண்டும். செலவும் அதற்கேற்ப மிகும். ஆதலால் பெரியவர்களின் கணக்கை எடையால் வகுத்துக் குழந்தைகளுக்குப் பொருத்திவிட முடியாது.

இதற்காக விஞ்ஞானிகள் கண்ட வழி மிக அழகானது. சாதாரண நீரைவிடச் சற்றுக் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குழந்தைக்குக் குடிக்கத் தருகிறார்கள். இதில் கதிரியக்கம் இல்லை, ஆபத்தும் இல்லை. கன ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டுப் போகிறது. கன ஆக்சிஜனோ நீராகவும், கரியமில வாயுவாகவும் போகிறது. ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தின் வேறுபாட்டைக் கண்டால், வெளிவந்த கரியமில வாயு தெரிந்துவிடும். முகமூடி வேண்டாம், கூண்டு வேண்டாம். குழந்தை பாண்டி ஆடலாம், கடற்கரையில் ஓடலாம். 1955-இல் எலிகளிடம் செய்து காட்டிய இம்முறை 1982-இல் மனிதருக்கு வந்தது. அந்த நீரின் விலைதான் கொஞ்சம் பயமுறுத்துகிறது. கினிப்பன்றியின் கரியமில வாயுவை லவாய்சியர் அளந்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

நம் தமிழ்நாட்டுப் பெண்களும் இந்த வரலாற்றில் உண்டு. சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியை எலினார் மேசன், அமெரிக்க அறிஞர் பெனடிக்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் ஓய்வில் செலவிடும் ஆற்றலை அளந்து 1931-இல் வெளியிட்டார். மேனாட்டு அளவைவிட அது குறைவாகவே இருந்தது. பிறர் நாட்டு அட்டவணையை அப்படியே நமக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அன்றே தெரிந்தது.

இந்த எண்களெல்லாம் எதற்கு என்று தோழியர் கேட்கலாம். சோற்றுக்குத்தான்! காமராசர் 1956-இல் மாநிலமெங்கும் விரித்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் குழந்தையின் வயிற்றைப் பார்த்து எழுந்தவை. ஆனால் எத்தனை கிராம் அரிசி, எவ்வளவு பருப்பு என்று முடிவு செய்ய அளவு தேவை. இன்று மதிய உணவு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கிலோகலோரியும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கிலோகலோரியும் தரவேண்டும் என்பது விதி. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கிலோகலோரி வேண்டும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறியுள்ளது.

இங்கே ஒன்றை மனம்விட்டு எழுதுகிறோம். விளையாட்டில் வியர்ப்பதை மட்டும் உடற்பயிற்சி என்கிறார்கள். காலையில் குழாயடியிலிருந்து நான்கு குடம் தண்ணீர் சுமந்து, வாசல் பெருக்கி, தம்பியைத் தூக்கிக்கொண்டு, பேருந்துக்கு ஓடி வரும் மாணவியர் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை செகென் கட்டையை மிதித்ததைவிடக் குறைவா? ஆயினும் பல வீடுகளில் முட்டை அண்ணனுக்கு. அவன் பந்து விளையாடுகிறானாம்! தங்கைக்கு ரசமும் எஞ்சிய சோறும்.

லவாய்சியரும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். செகெனின் எண்கள் மேசைமேல் இருக்கும்போது அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. உழைப்பவன் அதிகமாக எரிகிறான். ஆகவே அவனுக்கே அதிக உணவு தேவை. ஆனால் நாட்டில் நடப்பது என்ன? உழைக்காத செல்வனின் தட்டு நிறைந்திருக்கிறது. நாளெல்லாம் தசையை வருத்துபவன் அரை வயிற்றோடு உறங்குகிறான். இது இயற்கையின் குற்றமன்று, மனிதர் ஏற்பாட்டின் குற்றம் என்று கண்டு, புதிய சட்டங்கள் அதைத் திருத்தும் என்று நம்பினார். மூச்சைப் பற்றிய விஞ்ஞானக் கட்டுரைக்குள்ளேயே இதை எழுதியும் வைத்தார். உப்பு வரியில் வாழ்ந்த ஒருவர் இதை எழுதினார் என்பது முரண்பாடாகத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் 1788-இல் தம் பண்ணைக்கு அருகிலிருந்த புளுவா நகரில் உணவுப் பஞ்சம் வந்தபோது, தானியம் வாங்க வட்டியின்றிக் கடன் கொடுத்தவரும் அவர்தான். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

மக்களின் சினம் இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்கவில்லை. 1793 நவம்பரில் வரிக் குத்தகைக் குழுமத்தினரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. லவாய்சியர் தாமாகவே சென்று சரணடைந்தார். மறு ஆண்டு மே 8-ஆம் நாள் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. நீதிபதி அன்று கூறியதாக ஒரு வாசகம் எங்கும் உலவுகிறது; அது பிற்காலத்தில் கட்டிய கதை என்று ஆராய்ந்தவர்கள் சொல்வதால் இங்கே எழுதவில்லை. 28 பேர் கில்லட்டின் மேடைக்குப் போனார்கள். மூன்றாவதாக மரி ஆனின் தந்தை. நான்காவதாக அவர் கணவர். லவாய்சியருக்கு அப்போது வயது ஐம்பது. பிராணவாயுவுக்குப் பெயர் தந்தவரின் மூச்சு இப்படி நின்றது.

ஒரே நாளில் தந்தையையும் கணவரையும் இழந்த மரி ஆனையும் விட்டுவைக்கவில்லை. சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த மாதம் அவரையும் சிறையில் அடைத்து, இரண்டு மாதத்துக்குப் பின்னரே வெளியே விட்டார்கள். மீண்டு வந்ததும் அவர் கேட்டு வாங்கியவற்றுள் கணவரின் குறிப்பேடுகளும் கருவிகளும் உண்டு. லவாய்சியர் சிறையில் இருந்தபோதும் திருத்திக்கொண்டிருந்த ஆய்வுரைகளை அச்சிட வேண்டும் என்பது அவர் ஆவல். முன்னுரையில், கணவரின் சாவுக்குக் காரணமானவர்களைக் கண்டித்து எழுதும்படி செகெனிடம் கேட்டார். முகமூடி அணிந்து கட்டையை மிதித்த அதே செகென், மறுத்துவிட்டார். அப்படியானால் உம் உதவியே வேண்டாமென்று 1805-இல் மரி ஆன் தாமே அந்நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் வெப்பத்தை ஆராய்ந்த ரம்போர்டு பிரபுவை மணந்தார். நான்கே ஆண்டில் பிரிந்தார். அந்த மணத்தின் போதும் லவாய்சியர் என்னும் பெயரை அவர் கைவிடவில்லை. 1836-இல் காலமானார்.

செகென் சோதனைகளை மரி ஆன் வரைந்த இரண்டு சித்திரங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் செகென் ஓய்வில் இருக்கிறார். மற்றொன்றில் காலால் கட்டையை மிதிக்கிறார். இரண்டிலும், ஓரத்தில் ஒரு மேசையருகே, பேனாவும் கையுமாக ஒரு பெண் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அது அவரேதான், தம்மையும் படத்தில் சேர்த்து வரைந்துவிட்டார்.